செவ்வாயும் வெள்ளியும்

ஏப்ரல் 22, செவ்வாய்
போதை ஊசியை விடுவதற்குத் தம்பிக்குக் கொடுக்கிற மாத்திரை, நாக்குக்கு அடியில் கரைய ஏழெட்டு நிமிடம். அதுவரை அவன் பேசக்கூடாது. அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 25, வெள்ளி
ராமநாதபுரத்தில் அவன் ஆலோசகரம்மாவோடு உள்ளே முக்கால் மணி நேரம், நான் வெளியே பெஞ்சில். திரும்பும்போது உச்சிப்புளி தாண்டியும் பேச்சில்லை. பாம்பன் பாலத்தில் ஏறியதும், "பசிக்குதுக்கா" என்றான்.

ஏப்ரல் 30
தூக்கமில்லை.

மே 6, செவ்வாய்
"மாத்திரைதான் குடுக்கிறாங்கள்ல, வாரத்துக்கு ரெண்டு தடவை என்ன பேச்சு?" என்கிறார் சித்தப்பா. ஆலோசகரம்மாவிடமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. இதே மாத்திரை எடுத்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2006-ல் வந்ததாம். ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் பேசியவர்களுக்கும் 45 நிமிடம் பேசியவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லையாம். மாத்திரையை விடாமல் எடுப்பதுதான் முதல். பேச்சு ஆளைப் பொறுத்தது: ஆரம்பத்தில் நெருக்கமாக, தேறத் தேற இடைவெளி விட்டு, சறுக்கினால் மறுபடி நெருக்கமாக.
சரி. ஆனால் அந்த இடைவெளியில் வீட்டில் இருப்பது நாங்கள்தானே.

மே 14
மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கியில் ஏறிவிட்டது. சாயந்திரம் போனவன் ஒன்பது மணிக்குத்தான் வந்தான். ஊசியை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது.

மே 16, வெள்ளி
அன்றைக்கு, ஊசி மருந்து விற்கிற அந்தச் சந்து முனை வரை போய்த் திரும்பினானாம். ஆலோசகரம்மாவிடம் முதலில் சொல்லி, அப்புறம் அவர் முன்னால் என்னிடம் சொன்னான். நடுவில் ரெண்டே நாள். ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தால் சொல்லியிருப்பானா?

ஜூன் 10, செவ்வாய்
இனி வாரத்துக்கு ஒரு தடவை போதுமாம், வெள்ளி மட்டும். 61 நாள் தடை 14-ம் தேதியோடு முடிகிறது. விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. திங்கள் போகிற படகு செவ்வாய் காலை கரையேறும், பங்குப் பணம் கைக்கு வரும். அந்தச் செவ்வாயையா எடுப்பது? கேட்டே விட்டேன். ஆலோசகரம்மா அவனைப் பார்த்தார். "செவ்வாயே இருக்கட்டும், வெள்ளியை எடுத்துருங்க" என்றான் அவன்.

ஜூன் 15
திண்ணையில் உட்கார்ந்து வலை ஊசியில் நூல் ஏற்றினான். ஊசி என்ற சொல்லே எனக்கு ஆகாமல் போயிருந்தது. இன்று அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இல்லை.

ஜூன் 16
போய்விட்டான்.

ஜூன் 17, செவ்வாய்
படகு வந்துவிட்டதாம், பங்கு பிரிக்கிறார்களாம். பதினொன்றரை பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்று போன் பண்ணினான். தங்கச்சிமடம் ஸ்டாப்பில் நிற்கிறேன். மணி பதினொன்று இருபது.