யானை மிதித்த பூனை

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாகத் தொலைபேசியில் துரத்திக்கொண்டிருந்தார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள் என்று நிபந்தனை வேறு. சரி, அப்படியென்றால் நமது கல்லூரி வாசலையே மிதித்திராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே ஆள் யாரென்று விளங்கியிருக்கும். மற்றவர்களுக்கு: இங்கிலாந்து றக்பி ஆட்டக்காரர் மைக் கேட்.

1995இல் நான் உயர்தர வகுப்பு. கல்லூரி றக்பி அணியில் இருந்தேன் என்று இங்கே இங்கிலாந்தில் என் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. இருந்தது உண்மைதான். எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல். விங்கில் ஓடுகிறவனுக்குக் கணுக்கால் சுளுக்கினால் நான் விங். சென்ரருக்கு ரியூசன் இருந்தால் நான் சென்ரர். எல்லாருக்கும் பின்னால் பதினைந்தாம் இலக்கத்தில் நிற்கும் ஃபுல்பாக் காய்ச்சலில் படுத்தால் நான் ஃபுல்பாக். "நீர் இண்டைக்குப் பதினைஞ்சில நில்லும்" என்பார் சேர். என் முகத்தைப் பார்க்கமாட்டார், கையிலுள்ள தாளைப் பார்த்தபடியே சொல்வார். எனக்கென்று ஒரு ஜேர்சி இலக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. எவனுடையது காய்ந்திருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்வேன். பெடியள் எனக்கு வைத்த பட்டம் 'ஸ்பெயார் வீல்'.

அந்த வருடக் கடைசியில் விடுதித் தோழன் ஒருவனின் மச்சான் லண்டனிலிருந்து வந்தபோது ஒரு வீடியோ கசற் கொண்டுவந்தார். தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தின் அரையிறுதி. ஜூன் 18, கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்துக்கு எதிராக நியூசிலாந்து. அந்தக் கசற்றை எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை. முழு ஆட்டத்தையும் பார்த்தது ஒரு தரமோ இரண்டு தரமோதான். மற்றபடி தொடக்கத்தில் வரும் ஒரு சில நொடிகளையே பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் அந்த இடம் வந்தால் மட்டும் படத்தில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியது.

பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். நியூசிலாந்தின் இடது பக்கத்துக்கு ஒரு பந்து போகிறது. ஒழுங்கான பாஸ்கூட இல்லை. ஜோனா லோமு கொஞ்சம் பின்னுக்குத் திரும்பி அதைப் பொறுக்கி எடுக்கிறார். வயது 20, உயரம் ஆறடி ஐந்தங்குலம், எடை ஏறத்தாழ 120 கிலோ. இங்கிலாந்தின் டோனி அண்டர்வுட் தாண்டப்படுகிறார். வில் கார்லிங் பின்னாலிருந்து காலில் தட்டுகிறார், லோமு தடுமாறுகிறார். இனி இருப்பது ஒரே ஓர் ஆள், ஃபுல்பாக் மைக் கேட். லோமு விலகி ஓட நினைக்கவேயில்லை. தடுமாறிய வேகத்திலேயே அந்த மனிதருக்கு மேலால் ஏறிப் போய், கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தி ட்ரை வைத்தார்.

"டேய், பூனையை யானை மிதிச்சிட்டுதடா!" என்று யாரோ கத்தினான். மைக் கேட்டின் குடும்பப் பெயரில் (Catt) ஓர் எழுத்து கூடுதலாக இருந்தாலும் உச்சரிப்பு 'cat', பூனைதானே. அன்றிலிருந்து விடுதியில் யார் விழுந்தாலும், சோதனையில் விழுந்தாலும்கூட, யானை மிதித்த பூனைதான்.

லோமு அன்று நான்கு ட்ரை வைத்தார், நியூசிலாந்து 45-29 என்று வென்றது. எல்லாரும் லோமுவைப் பார்த்தார்கள். நான் கீழே கிடந்தவரைப் பார்த்தேன். ஏனென்றால் பதினைந்தாம் இலக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த நொடி என்னவென்று தெரியும். மற்ற இடங்களில் பிழை விட்டால் பின்னால் ஒருவன் இருக்கிறான். ஃபுல்பாக்குக்குப் பின்னால் கோடு மட்டும்தான். முன்னால் இருவர் கோட்டைவிட்டதற்கும் சேர்த்து நீதான் படத்தில் நிற்பாய்.

அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் ஃபுல்பாக்கே அல்ல என்று. என் ஆள்!

மைக் கேட் பிறந்தது தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில், 1971இல். தாயார் இங்கிலாந்துக்காரி என்பதால் இங்கிலாந்துக்கு ஆடும் தகுதி இருந்தது. 1992இல் இங்கே வந்து பாத் கழகத்தில் சேர்ந்தார். அவருக்குப் பழக்கமான இடம் ஃப்ளைஹாஃப், அதாவது பத்தாம் இலக்கம். அந்த இடத்தில் பாத்தில் நின்றவர் ஸ்ருவர்ட் பார்ன்ஸ். இங்கிலாந்து அணியில் நின்றவர் ரொப் அன்ட்ரூ. இரண்டு கதவும் பூட்டு. வேறொருவனாக இருந்தால் வாசலிலேயே காத்திருந்து வயது போக்கியிருப்பான். இவர் எந்த ஜன்னல் திறந்திருந்ததோ அதால் உள்ளே போனார். 1994 மார்ச்சில் வேல்சுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதல் ஆட்டம். அடுத்த வருடம் ஃபுல்பாக்காக நின்று ஐந்து நாடுகள் போட்டியில் கிராண்ட் ஸ்லாம், அதாவது எல்லா ஆட்டத்திலும் வெற்றி. மூன்று மாதம் கழித்துத்தான் லோமு வந்தார்.

இந்த இடங்களுக்குள் என்ன பெரிய வித்தியாசம், எல்லாம் ஓடுகிறவர்கள்தானே என்று கிரிக்கெட்காரர்கள் கேட்பார்கள். நம் சங்கத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை, ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினைந்தில் நிற்பவன், எதிரணி உதைக்கும் பந்துக்காக வானத்தைப் பார்த்து வாழ்கிறவன். முழு மைதானமும் அவன் முன்னால் விரிந்து கிடக்கும், யோசிக்க நேரம் இருக்கும். பத்தில் நிற்பவனுக்கு அது கிடையாது. பந்து கைக்கு வந்ததும் உதைப்பதா, கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும், எதிரணி அதற்குள் மூக்குக்கு முன்னால் வந்துவிடும். பன்னிரண்டு, அதாவது உள் சென்ரர், இரண்டுக்கும் நடுவில் கிடந்து அடி வாங்குகிற வேலை. நான் பத்தில் நின்றது ஒரே ஒரு நாள். அன்று நான் உதைத்த முதல் பந்து மைதானத்தைத் தாண்டி ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூரையில் விழுந்தது. சேர் அதன் பிறகு அந்த இலக்கத்தை என்னிடம் தரவில்லை. கேட் இந்த மூன்று இடத்திலும் சர்வதேச ஆட்டம் ஆடினார்.

1995 ஆகஸ்ட்டில் றக்பி யூனியன், அதாவது இந்தப் பதினைந்து பேர் ஆடும் றக்பி, சம்பள விளையாட்டாக மாறியது. அதுவரைக்கும் சட்டப்படி ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது. காசு வந்ததும் உடம்புகள் பெருத்தன, இடத்துக்கு இடம் வல்லுநர்கள் வந்தார்கள், எங்களைப் போன்ற ஸ்பெயார் வீல்களுக்கு இனி வேலை இல்லை என்றுதான் பேச்சு. நடந்தது வேறு. மாற்று ஆட்டக்காரர் பலகையில் அந்தக் காலத்தில் இடம் ஏழுதான், அதிலும் பாதிக்கு மேல் ஸ்க்ரம் தள்ளுகிற, அதாவது குனிந்து கோத்து நின்று எதிரணியோடு முட்டுகிற, தடியர்களுக்குப் போய்விடும். மிச்ச இடத்தில் மூன்று வேலை தெரிந்த ஒருவனை வைத்துக்கொண்டால் பயிற்றுநருக்கு இரவில் நித்திரை வரும்.

1997இல் பிரித்தானிய, ஐரிஷ் நாடுகளின் கூட்டு அணியான லயன்ஸ் தென்னாபிரிக்கா போனபோது முதல் பட்டியலில் கேட்டின் பெயர் இல்லை. போல் கிரேசனுக்குக் காயம் என்றதும் கூப்பிட்டார்கள். ஆர்ஜென்ரீனாவில் இங்கிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர் அங்கிருந்து போய், மூன்றாவது டெஸ்டில் பத்தாம் இலக்கம் போட்டார். தொடரை ஏற்கெனவே வென்றாயிற்று, அந்த ஆட்டத்தில் தோல்வி. அடுத்த ஜனவரியில் பாத் ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரெஞ்சுக் கழகமான பிரீவைத் தோற்கடித்து ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தபோதும் பத்து இவர்தான். அதற்குள் ஜொனி வில்கின்சன் என்றொரு பையன் வந்துவிட்டான், பத்தாம் கதவு மறுபடி பூட்டு. சரி என்று பன்னிரண்டுக்கு நகர்ந்தார். பூனைக்கு ஒன்பது உயிர் என்று வெள்ளைக்காரர் சொல்வார்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

2003க்குள் நானும் இங்கே வந்துவிட்டேன். அவுஸ்திரேலியாவில் உலகக் கிண்ணம், இங்கே காலையில் ஆட்டம். காலிறுதியில் வேல்ஸ் இடைவேளைக்கு 10-3 என்று முன்னால். வில்கின்சன் தனியாகக் கிடந்து திணறுகிறார், எல்லாச் சுமையும் அவர் தலையில். இரண்டாம் பாதிக்கு கேட் உள்ளே வந்தார். அவர் செய்தது பெரிய வித்தையொன்றும் இல்லை. பந்தை வாங்கி நீளமாக, சரியான மூலைக்கு உதைத்தார். அது வில்கின்சன் செய்துகொண்டிருந்த வேலையில் பாதி. அந்தப் பாதியை இவர் தூக்கிக்கொண்டதும் அந்தப் பையனின் தோள் இறங்கியதை ரீவியிலேயே பார்க்க முடிந்தது. 28-17, இங்கிலாந்து. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே விட்டார்கள். இறுதியாட்டத்துக்கு மறுபடியும் பலகை! எனக்கு வந்த கோபம் அவருக்கு வந்ததா தெரியாது.

நவம்பர் 22, இங்கே காலை ஒன்பது மணி. முழுநேரம் முடியச் சற்று முன்பு கேட்டை அனுப்பினார்கள். 14-14, மேலதிக நேரம். கடைசி நிமிடத்தில் வில்கின்சன் தன் பழக்கமில்லாத வலக்காலால் ட்ரொப் கோல் அடித்தார், அதாவது பந்தைத் தரையில் விழவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார், 20-17. அந்த உதையை உலகமே பார்த்தது. ஆனால் ஆட்டம் அதோடு முடியவில்லை, இன்னும் சில நொடி இருந்தது. அவுஸ்திரேலியா பந்தைத் திரும்ப உதைத்தது, இங்கிலாந்தின் ட்ரெவர் வூட்மன் பிடித்தார், பந்து பின்னுக்கு வந்தது. அதை வாங்கிப் பார்வையாளர் பக்கமாக ஓங்கி வெளியே உதைத்தவர் மைக் கேட். விசில்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து, அன்று கசற் கொண்டுவந்த மச்சானின் மச்சான். அங்கே விடியாத நேரம். "டேய் ஸ்பெயார் வீல், கடைசி உதை ஆர் அடிச்சதெண்டு பார்த்தியா?" பூனை என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை என்றால் நம்புவீர்களோ தெரியாது.

2004இல் பாத்தை விட்டு லண்டன் ஐரிஷ் கழகத்துக்கு வந்தார். அவர்கள் அப்போது ரெடிங் மைதானத்தில் ஆடினார்கள், எனக்கு ரயிலில் போகக்கூடிய தூரம். ஒருநாள் கோட்டுக்குக் கிட்ட இடம் கிடைத்தது. அன்று நான் கண்டது ரீவியில் தெரியாத ஒன்று: மனிதர் வாயை மூடுவதே இல்லை. பந்து அந்தப் பக்கம் ஸ்க்ரத்துக்குள் கிடக்கும், இவர் இந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் ஆட்களை நகர்த்திக்கொண்டிருப்பார், சமையல்கட்டில் பெரியம்மா நின்று கல்யாணச் சமையல் நடத்துகிற மாதிரி. பதினைந்து எங்கே பார்க்கும், பத்துக்கு என்ன தேவை என்று தெரிந்தவரின் பேச்சு அது. ஓட்டம் குறைந்துவிட்டது, ஓடத் தேவையும் குறைந்துவிட்டது.

முடிந்த ஆள் என்று எல்லாரும் நினைத்திருக்க, இங்கிலாந்து மறுபடி கூப்பிட்டது. 2007 மார்ச்சில், 35 வயதில், ட்விக்கன்ஹமில் பிரான்சுக்கு எதிராக அணித் தலைவர். வெற்றி. அந்த செப்ரெம்பரில் உலகக் கிண்ணத்தில், தன் 36ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, தென்னாபிரிக்காவிடம் 36-0 என்று நசுங்கிய அணியின் பத்தாம் இலக்கம். ஃப்ளைஹாஃப்கள் எல்லாருக்கும் காயம், வேறு யார்? என் மனைவி அன்று "இந்த மனுசன் ஏன் இன்னும் வீட்ட போகேல்லை" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதே அணி அவுஸ்திரேலியாவையும் பிரான்சையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறுதியாட்டத்துக்குப் போனது.

பாரிஸ், ஒக்ரோபர் 20. எதிரே மறுபடி தென்னாபிரிக்கா, அவர் பிறந்த நாடு. பன்னிரண்டாம் இலக்கத்தில் கேட், வயது 36. அதுவரை உலகக் கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் ஆடியவர்களில் அவரே மூத்தவர். எதிர்ப் பன்னிரண்டில் ஃபிரான்ஸ் ஸ்ரெய்ன், வயது 20. கேட் முதலில் இங்கிலாந்து ஜேர்சி போட்டபோது அந்தப் பையனுக்கு ஆறு வயது. வேடிக்கை என்னவென்றால் ஸ்ரெய்னும் நம்ம சாதிதான்: பத்து, பன்னிரண்டு, பதினைந்து, எங்கே விட்டாலும் நிற்பான். 15-6, தென்னாபிரிக்கா வென்றது. கேட் அத்தோடு சர்வதேச ஆட்டத்தை விட்டார். மொத்தம் 75 ஆட்டம். ஸ்ரெய்ன் 12 வருடம் கழித்து இன்னொரு கிண்ணமும் எடுத்தார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 வரை கழகத்துக்கு ஆடினார், அப்புறம் பயிற்றுநர். இங்கிலாந்து, இத்தாலி, பிறகு அயர்லாந்து. 2023இல் அயர்லாந்து கிராண்ட் ஸ்லாம் எடுத்தபோது அதன் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பு அவரிடம். இப்போதும் இணையத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள், முதலில் வருவது லோமு மிதிக்கிற அந்தச் சில நொடிதான். லோமு 2015இல், நாற்பது வயதில் போய்விட்டார்.

போன கோடையில் நம் சங்க ஒன்றுகூடலில் இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரு றக்பி ஆட்டம் வைத்தார்கள். தொடாமல் ஆடுவது என்றுதான் ஒப்பந்தம். முதியவர் அணிக்கு ஆள் குறைவு. செயலாளர் கையில் தாளோடு வந்து, முகத்தைப் பார்க்காமல், "நீங்கள் பதினைஞ்சில நில்லுங்கோ அண்ணை" என்றார். நின்றேன். மூன்றாவது நிமிடம் நண்பன் ஒருவனின் மகன், பல்கலைக்கழகப் பையன், ஆறடிக்குக் குறையமாட்டான், பந்தோடு நேராக என்னை நோக்கி வந்தான். எனக்கு முன்னால் நின்ற இருவரும் மரியாதையாக வழிவிட்டார்கள். நான் விலகவில்லை. பிறகு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஃபோனில் படம் எடுத்தவரிடம் அந்த இடத்தை மட்டும் அழித்துவிடும்படி கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.