தப்பான விடைக்குள் இருக்கும் பிள்ளை

மாணவர்களிடம் அன்பாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பறையில் பல வருடங்கள் நின்ற பிறகு எனக்குத் தோன்றுவது, பொத்தாம்பொதுவான அன்பு பிள்ளைகளிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. 'இவர் என்னைக் கவனித்திருக்கிறார்' என்று தெரிந்தால்தான் ஒரு பிள்ளை ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்கிறது.

கணக்கு நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 52-இல் இருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பையன் 26 என்று எழுதுவான். பக்கத்தில் இருக்கும் பெண் 24 என்று எழுதுவாள். இரண்டையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். ஆனால் 24 எழுதியவளுக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. பத்தாம் இடத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அவளிடம் போய்க் கழித்தலை முதலில் இருந்து விளக்கினால் சலிப்புத்தான் வரும். அந்த 5-ஐ விரலால் தொட்டுக் காட்டினால் போதும், 'ஐயோ' என்று தானே திருத்திவிடுவாள்.

26 எழுதியவனோடு உட்கார்ந்து பேச வேண்டும். 2-இல் 8 போகாது என்றதும் அவன் 8-இல் இருந்து 2-ஐக் கழித்துவிட்டான். "எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டால், பெரிய எண்ணில் இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும் என்று தன் விதியை உறுதியாகவே சொல்வான். நடுவில் புகுந்து திருத்தாமல் கடைசிவரை கேட்பேன். தன் யோசனையை ஒருவர் மதித்துக் கேட்டார் என்று அவனுக்குப் புரிகிறது. அப்புறம் சந்தேகம் கேட்க அவனாகவே வருவான்.

பேசாத பிள்ளைகள் விஷயம் வேறு. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து பார்த்தார். பெரும்பாலும் ஒரு நொடிதான். அதையே 3 நொடியாக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக ஒதுங்கியிருப்பவர்களும் பேச முன்வருகிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. வகுப்பில் நின்று பார்த்தால் அந்த 3 நொடி ரொம்ப நீளம். முன்வரிசைக் கைகள் எம்பி எம்பி எழும். அந்த நேரத்தில்தான் ஓரத்தில் இருப்பவளின் உதடு அசைவது கண்ணில் படுகிறது. மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாய் திறப்பாள். 'மந்தம்' என்று யாராவது அவளைச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய வகுப்பில் எல்லோரையும் தினமும் இப்படிப் பார்க்க முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். முடியாது. நான் ஒரு நாளைக்கு நாலைந்து பேரை மனதில் வைத்துக்கொள்வேன். அவர்கள் நோட்டில் வெறும் 'நன்று' போடாமல், 'இந்தக் கணக்கைப் புது வழியில் போட்டிருக்கிறாய்' என்பதுபோல ஒரு வரி எழுதுவேன். வாரக் கடைசியில் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டுவேன். எந்தப் பெயரைப் பார்த்தால் சொல்ல ஒன்றுமே தோன்றவில்லையோ, திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் இருந்து தொடங்குவேன்.