இந்தத் தவக்காலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை வாசலில் ஒரு சாக்கு வைத்திருப்பார். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கி, திருப்படங்களுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த குருத்தோலைகளை எல்லாரும் கொண்டுவந்து அதில் போடுவோம். அதை எரித்துத்தான் நெற்றியில் பூசுகிற சாம்பல் எடுப்பார்கள். என் ஓலையை எடுத்தபோது காய்ந்து வெளிறிப்போயிருந்தது, சின்னச் சிலுவையாக மடித்தது, தொட்டதும் ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டது. மடித்தது அம்மா. அண்ணன் வீட்டுக்கும் அம்மாதான் மடித்துக் கொடுப்பாள், மூன்று வருஷத்துக்கு முன்புவரை. எங்கள் இருவர் நிலத்துக்கும் நடுவிலுள்ள கையாலையை, அதாவது எல்லைச் சுவரை, அண்ணன் இரண்டடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று தொடங்கிய சண்டை, அதற்கப்புறம் பேச்சே இல்லை.

நாங்கள் குமரிக் கடற்கரைப் பக்கம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் 14 வயது முடிந்தவர்கள் இறைச்சி சாப்பிடக்கூடாது, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயது முடிந்ததிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும்வரை ஒருசந்தி, அதாவது வயிறார ஒரு வேளைச் சாப்பாடு. மீனுக்குத் தடை இல்லை. அதனால் எங்கள் ஊரில் இறைச்சியை விடுவது ஒறுத்தலே இல்லை, நெய்மீனை வறுத்து சாளைக் குழம்பும் வைத்து மற்ற நாளைவிட ருசியாகவே வெள்ளிக்கிழமையைக் கழித்துவிடலாம், ஒரு சட்டத்தையும் மீறியிருக்க மாட்டோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கழித்தேன். 2014 தவக்காலச் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், எதையும் இழக்காத, வலிக்காத தர்மத்தை நான் நம்புவதில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மீனும் வாங்குவதில்லை, அந்தக் காசு தவக்கால உண்டியலுக்குப் போகிறது. சரி, அதுவும் இரண்டு வருஷத்தில் பழகிவிட்டது. பழகினபின் வலிக்கவில்லை.

வலித்தது பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது. அண்ணனோடு பேசுவதில்லை என்று வழக்கம்போல மூன்றாவது நான்காவது பாவமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். சாமியார் நிறுத்தி, “நீங்களாகப் போய்ப் பேசிப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னது எனக்குத் தெரியாததா. இத்தனை வருஷமும் அதை “எனக்கு அவன்மேல்” என்றுதான் வாசித்திருக்கிறேன். “அவனுக்கு உன்மேல்” என்றல்லவா எழுதியிருக்கிறது! யார்மேல் நியாயம் என்ற பேச்சே அதில் இல்லை.

இருந்தும் நானாகப் போகவில்லை. எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கிற குழுவில், ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை 14 நிலைகளாக நினைத்து ஜெபிக்கிற சிலுவைப்பாதையை வெள்ளிக்கிழமை வீடு வீடாக, வீட்டுக்கு ஒரு நிலையாகச் செய்வோம், 14 வீடு. போன வாரம் ஐந்தாம் நிலை அண்ணன் வீட்டில். சிலுவையைத் தூக்கிப் போகிற முறை அன்றைக்கு எனக்கு. நான்காம் நிலை முடிந்ததும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று திரும்பிப் பார்த்தேன், பின்னால் பாட்டிமாரும் பிள்ளைகளும்தான்.

ஐந்தாம் நிலை, சிரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவுவது. சீமோன் விரும்பியா வந்தார்? வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து, கட்டாயப்படுத்தி, தோளில் ஏற்றினார்கள். அப்படி வேண்டாவெறுப்பாகத் தூக்கியதும் உதவியாகத்தானே இருந்தது, இல்லையா? அண்ணன் வீட்டுத் திண்ணைமுன் மரச் சிலுவையைப் பிடித்து நின்றபோது எனக்கு இது ஒன்றுதான் ஆறுதல். எல்லாரும் முழங்காலிட்டு, “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்றார்கள். எனக்குப் பக்கத்திலேயே அண்ணனும் முழங்காலிட்டிருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது அவனுக்கு, மூன்று வருஷத்தில். உள்ளே நடுவீட்டில் திருஇருதயப் படம் தெரிந்தது, அதன் பின்னால் அம்மா கடைசியாக மடித்துக் கொடுத்த ஓலைச் சிலுவை. சாக்கில் போடாமலே வைத்திருக்கிறான்.

பதினான்காம் நிலை முடிந்து திரும்பும்போது மைனி, அண்ணன் மனைவி, வாசலில் நின்று எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள். எனக்கு டம்ளரை அண்ணன்தான் நீட்டினான்.

“அம்மாக்கு முட்டுவலி எப்படி இருக்கு?”

“தேவல. கோயிலுக்கு நடந்துதான் போறா.”

அவ்வளவுதான் பேசினோம். கையாலை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அம்மா நேற்றே சொல்லிவிட்டாள், இந்தத் தடவை ஓலை இரண்டு வாங்கி வரவேண்டுமாம்.