52 கிலோவிலிருந்து 21 கிலோவுக்கு: என் பிக்கப்பின் அடித்தகடு பட்ட பாடு

ஆயில் மாற்றுவதற்காகக் காலையில் சர்வீஸ் நிலையத்தில் விட்ட வண்டி, ஆயில் மாற்றப்படாமலேயே மாலையில் திரும்பி வந்தது. அடியில் நான் ஆசையாகப் போட்டிருந்த இரும்புத் தகட்டின் 14 போல்ட்டுகளில் இரண்டு துருவேறி அறுந்துவிட்டன என்றும், மீதியைக் கழற்றுவது தங்கள் பொறுப்பல்ல என்றும் வேலைச்சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். கழற்ற முயன்றதற்கான கூலி மட்டும் பில்லில் தவறாமல் இடம்பெற்றிருந்தது. வண்டியைப் பாதுகாக்கப் போட்ட தகடே வண்டிக்கு வில்லங்கமானது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். நாமக்கல்லில் மகளைப் பள்ளியில் விடுவதும் அதே வண்டிதான். சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தார்ச்சாலை முடிந்த பிறகு காப்பித் தோட்டம் வரை பாறையிலும் சேற்றிலும் இறங்குவதும் அதே வண்டிதான். வண்டியோடு வந்த முன்தகடு அதன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆனால் மழை அரித்த தடத்தில் ஒருநாள் புதைகல் ஒன்று கியர்பாக்ஸுக்கு அடியில் இடித்த சத்தம் ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. எஞ்சின் ஆயில் தேங்கும் சம்ப், கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் மூன்றையும் மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றில் கேட்டபோது, "நாலு எம்.எம். போட்டுடலாங்க, யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்கள். முன்னால் ஒரு குழாய்க் கம்பியும் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அத்தகைய முன்கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது என்பது நினைவிருந்ததால் அதை மட்டும் மறுத்துவிட்டேன். தகட்டின் எடையைப் பற்றிக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. 14,000 ரூபாய் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான், எடைமேடைச் சீட்டு பழைய சீட்டைவிட 50 கிலோ கூடுதலாகக் காட்டியது. முன்சக்கர வளைவை அளந்தால், மூக்கு 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மைலேஜில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு சிமெண்ட் மூட்டையை ஆண்டு முழுவதும், பள்ளிக்கூட வாசலுக்கும்கூட, சுமந்துகொண்டு திரிகிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு வளைவிலும் உறுத்தியது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் அந்த மூட்டையும் சேரும். அந்த அளவுக்குக் காப்பி மூட்டை குறையும்.

சர்வீஸ் நிலையத்து அவமானத்துக்குப் பிறகு, முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைக் கடைசியில் செய்தேன். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 4 மி.மீ. இரும்புத் தகடு 31 கிலோவுக்கு மேல் வரும். அதே பரப்பில் 5 மி.மீ. அலுமினியம் 13.5 கிலோதான். அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு எளிதில் வளையும் என்பது உண்மையே. ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 3 மி.மீ. இரும்பின் விறைப்பை 4.3 மி.மீ. அலுமினியத்திலேயே பெற்றுவிடலாம், அதுவும் பாதி எடையில். தகட்டின் இரு ஓரங்களையும் மேல்நோக்கி மடித்து, நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்பும் கொடுத்துவிட்டால், மேலும் தடிமன் கேட்க வேண்டியதே இல்லை.

இந்தக் கணக்கோடு நேராக அலுமினியத்துக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும். இடையில், டிப்பர் லாரித் தொட்டிகளுக்குள் மண் ஒட்டாமல் இருக்கப் பதிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு கண்ணில் பட்டது. யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎதிலீன் என்னும் அந்தத் தகடு தண்ணீரைவிட இலேசானது. பாறையில் சோப்பைப் போல வழுக்கும். துரு என்பதே கிடையாது. 10 மி.மீ. தகட்டைக் கியர்பாக்ஸுக்கு அடியில் பூட்டி, செலவு குறைந்தது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆனால் பி.எஸ்.6 என்னும் புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, அவ்வப்போது ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. இந்தப் பிளாஸ்டிக்கோ 130 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும், 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். இரண்டு வாரத்தில் என் தகடு சைலன்சர் குழாய் செல்லும் பக்கமாகத் தொய்ந்து, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் நெளிந்துவிட்டது. தீப்பிடிக்காமல் விட்டதே பெரிது. குழாயிலிருந்து விலகிய இடங்களுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் புகைக்குழாய் ஓடும் திசையைக் குனிந்து பார்க்காமல் யாரும் அதை வாங்க வேண்டாம்.

அடுத்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அலுமினியக் கலவைகளின் வலிமை அட்டவணையைப் பார்த்து, 5052-எச்32 வகை 230 மெகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் வலிமையின் அலகு) அளவில்தான் தாங்கும், 6061-டி6 வகையோ 310 வரை தாங்கும் என்று கண்டதும், பெரிய எண்ணையே கேட்டு வாங்கினேன். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் மடிப்பு இயந்திரம் வைத்திருந்த ஒரு பட்டறைக்குப் போனால், முதல் மடிப்பிலேயே தகடு கோடு போட்டாற்போல் வெடித்தது. இயந்திரத்தை இயக்கியவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமே இருந்தது. டி6 நிலைக்குக் கடினமாக்கப்பட்ட தகட்டைக் கூர்மையாக மடித்தால் அது விரிசல் விடும் என்பதும், மடிக்க வேண்டிய தகட்டுக்கு 5052 வகையே பொருத்தம் என்பதும் அவருக்கு அன்றாடப் பாடம். எனக்கு ஒருநாள் பயணமும் ஒரு தகடும் போன பிறகு கிடைத்த பாடம். தகடு விற்ற கடையில் வகையைப் பற்றி மீண்டும் கேட்டபோது, "அலுமினியம்னா அலுமினியம்தானுங்க" என்று பதில் வந்தது. பில்லில் வகையின் எண்ணை எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது பயணமும் வீணானது. அட்டையில் வெட்டி எடுத்துச் சென்ற மாதிரியில் எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று நான் எழுதியிருக்கவில்லை. தகட்டைத் தலைகீழாக வைத்து வெட்டியதில், ஒரு பக்கம் இருக்க வேண்டிய ஆயில் துளை மறுபக்கம் வந்துவிட்டது. முன்தகட்டைப் பொறுத்தவரை கண்ணாடியில் பார்த்தால் மட்டும் என் வண்டிக்குப் பொருந்தும் ஒரு வடிவம் எனக்குக் கிடைத்தது. மூன்றாம் முறை அட்டையின் இருபுறமும் தடித்த பேனாவால் எழுதி, துளைகள் ஒவ்வொன்றையும் சேசிஸின் நடுக்கோட்டிலிருந்து அளந்து குறித்துக்கொண்டு போனேன். அன்று வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

மாட்டும்போது கவனித்தவற்றில் சில, அடுத்து செய்பவருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும். தகடுகள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின் முன்விளிம்புக்குக் கீழே வராவிட்டால், பாறை அந்த விளிம்பில் மாட்டித் தகட்டையே பெயர்த்துவிடும். போல்ட் தலைகள் வெளியே துருத்தினால் கல் உரசி மழுங்கி, பின்னர் ஸ்பேனரே பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு தலையும் குழிக்குள் அமரும்படி செய்தேன். துருப்பிடிக்காது என்று எவர்சில்வர் போல்ட் போடும் ஆசை வரும். அலுமினியத்தோடு அது சேர்ந்து மழைநீரும் பட்டால், அரிக்கப்படுவது தகடாகத்தான் இருக்கும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட், நைலான் வாஷர், மரை இறுகிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை ஆகியவை போதும். ரப்பர் வாஷர் வைத்தால் சத்தம் குறையும், ஆனால் அது அமுங்க அமுங்கப் போல்ட் தளரும்.

தகட்டின் மேல் சேறு நின்றால் காயும்போது அதுவே தனி எடை. காய்ந்த புல் அங்கே சிக்கி, சூடான குழாயைத் தொட்டால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. அதனால் எல்லாத் தகடுகளிலும் நீர் பீய்ச்சிக் கழுவும் அளவுக்குப் பிளவுகள் விட்டிருக்கிறேன். கோடையில் சருகுகள் மண்டிய தடத்தில் போய் வந்தால், வண்டியை நிறுத்தியதும் அடியில் குனிந்து பார்த்துவிடுகிறேன்.

முன்னால் 5 மி.மீ., பின்னால் இரண்டு இடங்களில் 4 மி.மீ., தாங்கு பட்டைகளும் போல்ட்டுகளும் சேர்ந்து மொத்தம் 21 கிலோ. பழைய இரும்புத் தகடு, தராசில் 52 கிலோ நின்று, பழைய இரும்புக் கடையில் 1,500 ரூபாய்க்குப் போனது. அலுமினியத்தில் ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை: இரும்பு பாறைமேல் வழுக்கும், அலுமினியம் பாறையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் தகட்டில் புதிதாக நாலைந்து ஆழமான கீறல்கள் இருக்கின்றன. நாள்தோறும் பாறையிலேயே உருண்டு பிழைக்கும் வண்டியென்றால் எடையைப் பொறுத்துக்கொண்டு இரும்பையே போடலாம். மாதத்தில் பெரும்பாலான நேரம் தார்ச்சாலையில் ஓடும் என் வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

போன மாதம் அதே சர்வீஸ் நிலையத்துக்கு ஆயில் மாற்றப் போனேன். வடிகால் துளைக்கு நேராக ஒரு கைப்பிடி அகலத் திறப்பு விட்டிருப்பதைச் சர்வீஸ் ஆலோசகரிடம் வண்டிக்கு அடியில் கைவிளக்கைப் பிடித்தே காட்டினேன். தகட்டைக் கழற்றாமலே முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பில்லை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். கழற்றுக்கூலி என்று எதுவும் இல்லை.