ஆப்லெட்டுக்குள்ள ஒரு வளைவு வரையறதுன்னா

இன்னிக்கு ஒரு எஸ்விஜி ஃபைல (படத்த பிக்சலா இல்லாம கோடு, வளைவுன்னு எழுதி வச்ச ஃபைல்) பிரவுசர்ல இழுத்துப் போட்டா தானா வரைஞ்சு காட்டிடுது, எவ்ளோ ஜூம் பண்ணாலும் ஓரம் பிசிறடிக்கிறதில்ல. இதே வேலைய ஜாவா ஆப்லெட் (வெப் பக்கத்துக்குள்ள ஓடற குட்டி ஜாவா புரோகிராம்) வச்சு செஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, அந்தப் பேச்ச எடுத்தாலே "ஐயோ அந்த சாம்பல் கலர் பெட்டியா, லோடே ஆகாதே"ன்னு சிரிச்சிட்டுப் போயிடறாங்க. லோடாக லேட்டாகும்தான், அதுல சண்டையே இல்ல. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள நடந்த வேலை சாதாரண வேலை இல்லைங்க.

1996ல ஜேடிகே 1.0 (ஜாவாவோட முதல் பதிப்பு) வந்தப்போ ஆப்லெட்டுக்கு வரையறதுக்குன்னு கிடைச்சது ஏடபிள்யூடிங்கிற ஜாவாவோட திரை லைப்ரரில இருந்த கிராஃபிக்ஸ் கிளாஸ் ஒண்ணுதான். ட்ராலைன், ட்ராஓவல், ஃபில்பாலிகன்னு கொஞ்சம் மெத்தட். எல்லா புள்ளியும் முழு எண்ணுலதான் குடுக்கணும், அரை பிக்சல்ங்கிற பேச்சே கிடையாது, கோட்டோட தடிமன் எப்பவும் ஒரு பிக்சல், பெசியர் வளைவு (சில கட்டுப்பாட்டுப் புள்ளிய வச்சு வளைக்கிற கோடு) சுத்தமா கிடையாது. அப்புறம் 1998 டிசம்பர்ல ஜாவா 1.2 வந்து அதுல ஜாவா2டி வந்துச்சு, வளைவுக்கு ஜெனரல்பாத், சுத்தவும் பெருசாக்கவும் அஃபைன்டிரான்ஸ்ஃபார்ம், கோட்டுத் தடிமனுக்கு பேசிக்ஸ்ட்ரோக், ஓரத்த வழவழப்பாக்க ஆன்டிஅலியாஸிங்னு கேட்டதெல்லாம் கிடைச்சுது.

கிடைச்சு என்ன பிரயோஜனம்? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல இருந்தது மைக்ரோசாஃப்டோட சொந்த ஜாவா விஎம் (ஜாவாவ ஓட்டற எஞ்சின்), அது 1.1லயே நின்னுடுச்சு (ஜாவாவ உருவாக்கின சன் கம்பெனி மைக்ரோசாஃப்ட் மேல 1997ல போட்ட கேஸ் 2001ல தான் சமரசமாச்சு). நெட்ஸ்கேப் 4 பிரவுசரும் அதே 1.1 தான். ஜாவா2டி வேணும்னா பார்க்கிறவங்க சன்னோட பிளகின்ன (பிரவுசரோட சேர்க்கிற துணை புரோகிராம்) தனியா டவுன்லோட் பண்ணி போடணும், டயல்அப் கனெக்ஷன்ல அத யாரு பண்ணுவா? அதனால எல்லார் மெஷின்லயும் ஓடணும்னு நினைச்சவங்க எல்லாத்தையும் 1.1ல கையாலயே எழுதினாங்க.

எனக்கு பிடிச்சது இந்த இடம்தான். வளைவ வரைய முடியாதுன்னா என்ன பண்றது, நடுவுல வெட்டு, வந்த ரெண்டு துண்டையும் திரும்ப நடுவுல வெட்டு, துண்டு கிட்டத்தட்ட நேர்கோடு ஆகிற வரைக்கும் வெட்டிக்கிட்டே போ, கடைசில கையில இருக்கிறது வெறும் பாலிகன். டி காஸ்டல்ஜோ முறைன்னு சொல்றது இதத்தான். வட்டம் வேணும்னா நாலு பெசியர் துண்டு, கட்டுப்பாட்டுப் புள்ளிய ஆரத்தோட 0.5523 பங்கு தூரத்துல வச்சா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஃபில்பாலிகன்ல போட்டா ஓரமெல்லாம் படிப்படியா நிக்கும், அதனால அதையும் தூக்கிப் போட்டுட்டு ஒரு இன்ட் அரேல (முழு எண் வரிசைல) பிக்சல் பிக்சலா தாங்களே கலர் எழுதி மெமரிஇமேஜ்சோர்ஸ்ங்கிற கிளாஸ் வழியா படமா மாத்துவாங்க. ஒவ்வொரு பிக்சலையும் 4க்கு 4 கட்டமா பிரிச்சு 16ல எத்தன கட்டம் உருவத்துக்குள்ள விழுதுன்னு எண்ணி அந்த அளவுக்கு கலர கலந்தா ஓரம் வழவழன்னு வந்துடும். 400க்கு 300 சைஸ் ஆப்லெட்னா 1,20,000 பிக்சல், எல்லாத்துக்கும் இப்படி பார்த்தா 19 லட்சத்து 20 ஆயிரம் கட்டம், அந்தக் காலத்து பென்டியம்ல ஒவ்வொரு தடவ ஜூம் பண்ணும்போதும் இத்தன எண்ண முடியுமா? முடியாது, அதனால வரி வரியா போய் எந்த ஓரம் எங்க வெட்டுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சு வரிசைப்படுத்தி, நடுவுல இருக்கிறத மொத்தமா நிரப்பிடுவாங்க. இன்னிக்கும் நிறைய கிராஃபிக்ஸ் லைப்ரரி உள்ளுக்குள்ள இதோட ஒரு வகையத்தான் பண்ணுது.

படம் மின்னி மின்னி அடிக்கிற தொல்லை வேற. ஏடபிள்யூடில அப்டேட் மெத்தட் முதல்ல பின்னணிய அழிச்சிட்டு அப்புறம்தான் பெயின்ட்ட கூப்பிடும், அதனால அப்டேட்ட ஓவர்ரைடு பண்ணி (அதுக்குப் பதிலா நம்ம சொந்த மெத்தட்ட வச்சு), திரைக்கு வெளில ஒரு படத்துல முழுசா வரைஞ்சுட்டு ஒரே அடியா காட்டணும்.

ஃபைல படிக்கிறதும் லேசு இல்ல. எஸ்விஜி 1.0 வெப் தரம் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட பரிந்துரையா வந்தது 2001 செப்டம்பர்ல, அது எக்ஸ்எம்எல் (டேக் போட்டு எழுதற டெக்ஸ்ட்), ஜாவா 1.1ல அத பிரிச்சுப் படிக்கிற எக்ஸ்எம்எல் பார்சரே கிடையாது, அதையும் ஜார்ல (ஆப்லெட் கோட மொத்தமா கட்டி வைக்கிற ஃபைல்) சேர்த்து அனுப்பணும். சாண்ட்பாக்ஸ்ங்கிற பாதுகாப்பு வேலி காரணமா ஆப்லெட் எந்த சர்வர்ல இருந்து வந்துச்சோ அங்க மட்டும்தான் திரும்பப் பேசலாம், அதனால படமும் அதே சர்வர்ல இருக்கணும். அப்பாச்சி பாட்டிக் மாதிரி ஜாவால எஸ்விஜி காட்டற முழு டூல்கிட் அப்பவே இருந்துச்சு, அருமையான சாமான், ஆனா சின்ன லோகோ காட்டறதுக்கு அத ஆப்லெட்ல ஏத்தறது ஒரு வாய் காபிக்கு எருமையையே வாங்கிட்டு வர்ற கதை.

அடோப் எஸ்விஜி வியூவர் பிளகின் இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு, ஆனா 2009 ஜனவரியோட அடோப் கைவிட்டுடுச்சு, எக்ஸ்ப்ளோரர் சொந்தமா எஸ்விஜி காட்ட ஆரம்பிச்சதோ 2011ல ஒன்பதாவது பதிப்புலதான்.

ஆப்லெட்ட சாகடிச்சது ஸ்லோன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது பாதி உண்மைதான். ஆரம்பிக்கத்தான் லேட்டு, ஆரம்பிச்சப்புறம் ஓட்டம் பரவால்ல. உண்மையான அடி பிளகின்ல வரிசையா வந்த செக்யூரிட்டி ஓட்டைங்க. குரோம் 2015 செப்டம்பர்ல 45வது பதிப்போட பிளகின்ன ஓட்டற என்பிஏபிஐங்கிற வசதிய தூக்குச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்ல ஃபிளாஷ தவிர மத்தத நிறுத்துச்சு, 2018ல ஜாவா 11லேர்ந்து பிளகின்னே இல்ல.

பழைய ஜார் கைல இருந்தா குப்பைல போட்டுடாதீங்க. சியர்ப்ஜேன்னு ஒண்ணு இருக்கு, பிளகின் இல்லாம பிரவுசர்லயே ஜாவா பைட்கோட (கம்பைல் பண்ணின ஜாவா கோட்) ஓட்டும், ஆப்லெட்டும் ஓடும். அது வேணாம்னா டீகம்பைல் பண்ணி (பைட்கோட திரும்பப் படிக்கக்கூடிய கோடா மாத்தி) வளைவு வெட்டற ஃபங்ஷன மட்டும் படிச்சுப் பாருங்க, ஜாவாஸ்கிரிப்டுக்கு மாத்த பெரிய வேலை இருக்காது.