சாவி கேட்பதற்கு முன்னால்

மார்ச் 4

நேற்று கையெழுத்தான வீடு. வீட்டை நானே வாங்குவதில்லை, விற்பவரோடு போட்ட ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்துப் பணம் பார்ப்பது என் தொழில். விலையில் தகராறு இல்லை, 30 நாளில் எஸ்க்ரோ (நடுவில் ஒருவர் பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருந்து கைமாற்றும் ஏற்பாடு) முடிக்கவும் சம்மதம். இன்று போன் செய்து, நான்கு கேஷ் பையர்கள் (கடன் இல்லாமல் கைப்பணத்தில் வாங்குகிறவர்கள்) வந்து பார்க்கணும், கதவில் லாக்பாக்ஸ் (சாவி வைக்கும் பூட்டுப்பெட்டி) மாட்டிவிடலாமா என்று கேட்டேன். வீட்டை விற்கும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "வாங்கப்போவது நீங்கள்தானே, இத்தனை பேர் எதற்கு?" என்றார். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுப்பேன் என்ற வரி பேப்பரில் இருக்கிறது, ஆனால் நான் வாயால் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மார்ச் 5

நேரில் போனேன். கராஜில் இறந்துபோன கணவரின் கருவிகள், குளியலறையில் மருந்துகள், பின்பக்கப் போர்ஷனில் விற்பனை விஷயமே தெரியாத வாடகைதாரர். பயம் நியாயமானது. வருகிறவர்களை 'கான்ட்ராக்டர்', 'பார்ட்னர்' என்று சொல்லி உள்ளே கூட்டிப்போகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அந்த அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் யார், எனக்குப் பணம் எப்படி வருகிறது, வருகிறவர்கள் யார் எல்லாவற்றையும் சொன்னேன். லாக்பாக்ஸ் வேண்டாம். ஒரே நாள், ஒரு மணி நேரம், முதல் ஆள் வருவதற்கு முன்பிருந்து கடைசி ஆள் போகும்வரை நான் அங்கேயே இருப்பேன், கையில் பணம் இருப்பதற்கு ஆதாரம் காட்டாதவருக்கு விலாசமே கிடையாது. இதையெல்லாம் எழுதி ஒப்பந்தத்தோடு சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மார்ச் 7

வாடகைதாரர் விஷயம். கலிஃபோர்னியாவில் அவர் குடியிருக்கும் இடத்துக்குள் போகப் பொதுவாக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தரணும், தபாலில் என்றால் 6 நாள். அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்தார். வாடகைதாரருக்கு இரவு வேலையாம், மூன்று மணிக்கு மேல் வரச்சொன்னார். சரி, வெள்ளிக்கிழமை மூன்று மணி.

மார்ச் 14

மூன்று பேர் நேரத்துக்கு வந்தார்கள். நான்காவது ஆள் நாலே காலுக்கு வந்து, ஐந்து நிமிஷம் போதும் என்றார். அதிக விலை கொடுக்கக்கூடியவர் அவர்தான். முடியாது என்று அனுப்பிவிட்டேன், ஜன்னல் வழியாக அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 16

வாங்குகிறவர் முடிவாகிவிட்டார். கூரையைப் பார்க்க ஆள் கூட்டிவரணும் என்கிறார், எழுதிக்கொண்டதில் அது இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள், கராஜில் ஏணி இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.