பாலினத்தை ஒழிப்பது என்றால் எதை ஒழிப்பது?

பாலினமே இல்லாத சமூகம் வேண்டும் என்று பெண்ணியச் சிந்தனையாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இந்த விவாதத்தில் பாதிச் சண்டை சொல்லால் வருகிறது. பால் என்பது உடல். பாலினம் என்பது அந்த உடலைப் பார்த்துச் சமூகம் ஒட்டுகிற வேலை, மரியாதை, அடக்கம். ஒழிக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். (பெண்ணிய எழுத்தாளர் ஷுலமித் ஃபயர்ஸ்டோன் 1970இல் ஒரு படி மேலே போய், பிள்ளைப்பேற்றையே உடலிலிருந்து பிரித்துவிடலாம் என்றார்.) 1975இல் மானுடவியலாளர் கேல் ரூபின் கனவு கண்டது பாலினமற்ற சமூகம், பாலற்றது அல்ல. 1989இல் அரசியல் தத்துவ அறிஞர் சூசன் ஓகின் கேட்டது இன்னும் எளிது: ஒருவரின் பாலுக்குக் கண்ணின் நிறத்துக்கு உள்ள முக்கியத்துவமே போதும்.

வாதம் கூர்மையாவது தத்துவ அறிஞர் சாலி ஹஸ்லாங்கரிடம். 2000இல் அவர் தந்த வரையறை ஏறத்தாழ இப்படி: பெண்ணுடல் உள்ளவராகக் கருதப்படுவதாலேயே கீழே வைக்கப்படுபவர் பெண். இதை ஏற்றால், ஒடுக்குமுறை போகும்போது 'பெண்' என்ற வகையும் கூடவே போய்விடும். இடிக்கிற இடமும் இதுதான். ஒடுக்கப்படாத பெண், பெண்ணே இல்லையா? பிறர் பெண்ணாகப் பார்க்காத திருநங்கை எங்கே நிற்பார்? 2016இல் இன்னொரு தத்துவ அறிஞர் கேத்ரின் ஜென்கின்ஸ், சமூக வகுப்பாகப் பாலினம் (பிறர் ஒருவரை வைக்கும் இடம்), அடையாளமாகப் பாலினம் (ஒருவர் தன்னை உணரும் விதம்) என்று இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான். பிரித்த பிறகு, படிநிலையை மட்டும் உடைத்து அடையாளத்தை விட்டுவைக்கலாம் என்று பேச இடம் கிடைக்கிறது. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

நடைமுறையில், எதை முதலில் எடுப்பது என்ற வரிசை முக்கியம். சம்பளப் பதிவேட்டில் ஆண், பெண் கட்டத்தை முதலில் அழித்தால் சம்பள இடைவெளி அப்படியே இருக்கும். அளக்கிற வழிதான் போய்விடும். நூலக அட்டை விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் எதற்கு? அதை இன்றே எடுக்கலாம். பதிவேட்டில் கடைசியாக.